பெருங்கார் வேண்டுமா?



“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். இரண்டும் மனிதனின் பையையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை என்பது அவர்கள் கண்ட அனுபவம். இன்று அவர்கள் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: “கார் வாங்கிப் பார்!” அதுவும் சாதாரணக் கார் அன்று, எஸ்.யு.வி. என்னும் மூன்றெழுத்தால் அழைக்கப்படும் சொகுசுப் பெருங்கார். மூன்று வரிசை இருக்கை, ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், இரண்டரை டன் அளவு எடை, கோடியைத் தாண்டும் விலை!

இதைப் பற்றி மாணவர் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தையே தவணை பிரித்துக் கட்டும் நமக்குக் கோடி ரூபாய்க் காரைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு? காரணம் உண்டு. நாளை சம்பாதிக்கப் போகிறவர்கள் நாம். சம்பளச் சீட்டு கைக்கு வந்த மறுநாளே கடன் தர வங்கிகள் காத்திருக்கின்றன. நாளை மணமேடை ஏறப் போகிறவர்களும் நாம். அந்த மேடைக்கு வெளியே எந்தக் கார் நிற்க வேண்டும் என்று பேரம் பேசப்படுகிற நாட்டில் வாழ்கிறோம். ஆகவே இது நம் பிரச்சினைதான்.

நான் அந்தமானில், இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் போர்ட் பிளேயரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் வளர்ந்தவன். பெயரைக் கேட்டு ஏதோ பால்பண்ணை என்று எண்ணிவிடாதீர்கள். மேடும் பள்ளமுமாய், வீட்டின்மேல் வீடு ஏறி நிற்பது போல் தோன்றும் குடியிருப்பு அது. தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் ஒரே சந்தில் ஒலிக்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கூலிக்கும் கடைக்கும் கப்பல் ஏறி வந்த குடும்பங்களில் சில இன்று நல்ல நிலைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் தாய்மாமனுடையது. கட்டட ஒப்பந்தத் தொழில் செய்கிறார். அவர்தான் சென்ற விடுமுறையில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீ வணிகவியல் படிக்கிறவன். பெரிய வண்டி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். கையில் நாற்பது லட்சம் இருக்கிறது. மீதி ஒரு கோடி வங்கியில் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, கூடாதா? கணக்குப் போட்டுச் சொல்” என்றார்.

கணக்குப் போட்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பெருங்காரின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எதிரியின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது படித்தவனுக்கு அழகன்று. அதில் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குனியாமல் ஏறலாம். குழியும் மேடும் உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் தீவில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒரு துணைதான். பொறியியல் வகையில் அது ஒரு சாதனை என்பதிலும் ஐயமில்லை. இவற்றை மறுப்பவன் பொறாமைக்காரன். ஆனால் “நன்றாக இருக்கிறதா?” என்பது ஒரு கேள்வி; “இந்த விலைக்குத் தகுமா?” என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாம் கேள்விக்கு எழுதிவிட்டு வருவதால்தான் பலர் தேர்வில் தோற்கிறார்கள்.

விலையைப் பார்ப்போம். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.7 வண்டியின் புதிய வடிவம் 2023 சனவரியில் ரூ. 1 கோடியே 22 லட்சத்தில் வந்தது. மெர்சிடிஸ் ஜி.எல்.எஸ். 2024 சனவரியில் ரூ. 1 கோடியே 32 லட்சத்தில் வந்தது. ரேஞ்ச் ரோவரை 2024-இல் இந்தியாவிலேயே பூட்டத் தொடங்கி விலையைக் குறைத்தார்கள். குறைத்த விலை ரூ. 2 கோடியே 36 லட்சம்! இவை யாவும் காட்சியறை விலை. பதிவும் காப்பீடும் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய பெரிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 40. அதாவது 1 கோடியே 30 லட்ச ரூபாய் வண்டியில் 37 லட்சம் வரி. வண்டியை விற்கும் நாளில் அந்த வரியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இனி மாமாவின் கணக்கு. வண்டி விலை 130 லட்சம். பதிவு, முதலாண்டுக் காப்பீடு முதலியவற்றுக்குப் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆக 140 லட்சம். வங்கிக் கடன் ஒரு கோடி, வட்டி 9 விழுக்காடு, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதந்தோறும் ரூ. 2,07,500-க்கு மேல் கட்ட வேண்டும். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 24½ லட்சம். வண்டியின் மதிப்போ நாளுக்கு நாள் தேயும். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுக் கணக்கு முறையில் ஓராண்டுக்குள் 15 விழுக்காடு, இரண்டாண்டில் 20, மூன்றாண்டில் 30, நான்காண்டில் 40, ஐந்தாண்டில் 50 விழுக்காடு என்று மதிப்பைக் கழிக்கிறார்கள். ஆக 65 லட்சம் கரைந்து போகும். சந்தையில் இதைவிடக் குறைத்துக் கேட்டாலும் வியப்பில்லை. காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுக்கு மூன்று லட்சம் வீதம் அடுத்த நான்காண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வைப்போம். கையிலிருந்து போட்ட நாற்பது லட்சத்தை வங்கியில் 6½ விழுக்காட்டுக்குப் போட்டிருந்தால் தனி வட்டியாக 13 லட்சம் வந்திருக்கும், அதுவும் இழப்பே.

எரிபொருளை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அந்தமானில் வரி குறைவு. 2024-இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய் விற்றபோது அங்கே 78 ரூபாய்தான். “எங்கள் ஊரில் எண்ணெய் மலிவு, பெரிய வண்டி கட்டுப்படியாகும்” என்று சொல்வோர் உண்டு. நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் என்று பார்த்தால் ஐந்தாண்டு டீசல் மூன்றரை லட்சம்தான் ஆகிறது. மொத்தச் செலவில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை! யானையைக் கட்டித் தீனி போடுகிறவன் வாழைப்பழம் மலிவு என்று மகிழ்வது போன்றது இது.

கூட்டிப் பாருங்கள். தேய்மானம் 65, பதிவு முதலியவை 10, கடன் வட்டி 24½, காப்பீடு பராமரிப்பு 12, இழந்த வட்டி 13, டீசல் 3½. ஆக 128 லட்சம். வண்டியை விற்று வரும் பணத்தைக் கழித்த பிறகும் இவ்வளவு! ஐந்தாண்டில் ஓடிய தூரம் 36,500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 350 ரூபாய். நாளொன்றுக்கு ஏழாயிரம் ரூபாய். வண்டி ஓடினாலும் ஏழாயிரம், கொட்டகையில் தூங்கினாலும் ஏறக்குறைய ஏழாயிரம். ஜங்கிளிகாட்டுக்கு மீன் வாங்கப் போய் வர ஆறு கிலோமீட்டர் ஆனால் வண்டிச் செலவு 2,100 ரூபாய். அந்தக் குழம்பு எப்படி இறங்கும், சொல்லுங்கள்!

அதே முறையில் இருபது லட்ச ரூபாயில் ஏழு பேர் உட்காரும் ஒரு சாதாரண வண்டிக்கும் கணக்குப் போட்டேன். கடன் தேவைப்படாது. எல்லாம் சேர்த்து ஐந்தாண்டுக்கு 24½ லட்சம். நாளொன்றுக்கு 1,350 ரூபாய்க்குள் முடிகிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு கோடிக்கு மேல். இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. “இந்தக் கார் நல்லதா?” என்று கேட்க வேண்டியதில்லை. “அந்தக் காரைவிட இந்தக் கார் ஒரு கோடி ரூபாய் அளவுக்கு நல்லதா?” என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தமானில் அந்த ஒரு கோடி என்ன செய்யும்? அந்தமான் பெருஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அந்தமானிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை செல்லும் நெடுவழி அது. அதில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி. அங்கே எந்த வண்டியும் தன் விருப்பம் போல் போக முடியாது. குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகச் செல்ல வேண்டும், முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவும் கூடாது. எக்ஸ்.7 வண்டியின் எஞ்சின் 380 குதிரைத்திறன் உடையது. ஆறு விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்கிறார்கள். எட்டட்டும்! முன்னே காய்கறி லாரி, பின்னே அரசுப் பேருந்து, நடுவிலே 380 குதிரை. மூன்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். காட்டுச் சாலை சொல்லிக் கொடுக்கும் சமத்துவம் இது. தெற்கே சிடியாடாப்புக்குப் போனாலும், மேற்கே வண்டூருக்குப் போனாலும் முப்பது கிலோமீட்டருக்குள் சாலை தீர்ந்து கடல் வந்துவிடும். கடல் எந்தக் குதிரைத்திறனுக்கும் வழி விடாது.

பழுதானால்? உதிரிப் பாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். சென்னைக்கும் தீவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். வண்டியையே பணிமனைக்கு அனுப்ப நேர்ந்தால் அதற்குக் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும்போது, இது கோடி ரூபாய் இரும்பு என்று மரியாதை காட்டுவதில்லை. விலையைக் கேட்குமுன் பணிமனை எத்தனை தொலைவில் என்று கேட்பதுதான் அறிவுடைமை.

“உயிர்ப் பாதுகாப்புக்காக வாங்குகிறேன், உயிருக்கு விலை உண்டா?” என்பர் சிலர். நல்ல கேள்வி. ஆனால் பாதுகாப்பு இன்று கோடீசுவரர்களின் தனிச்சொத்து அன்று. நான்கு மீட்டருக்குட்பட்ட டாட்டா நெக்ஸான் 2018-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து விண்மீன் பெற்றது. 2024-இல் மாருதி டிசையரும் பெற்றது. இன்னொன்றையும் எண்ண வேண்டும்: பாதுகாப்பு யாருக்கு? உள்ளே இருப்பவருக்கா, வெளியே நடப்பவருக்குமா? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி நாற்பது அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து செல்பவரை மோதினால், முப்பது அங்குலத்துக்குட்பட்டுச் சரிந்த முகமுடைய வண்டிகளைவிட உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். எங்கள் டெய்ரி ஃபார்ம் சந்துகளில் காலையில் புத்தகப் பையோடு பிள்ளைகள் இறங்கி வருவார்கள். இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டி அந்தச் சந்தில் நுழைந்தால், அவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் அல்லது சாக்கடைமேல் நிற்க வேண்டும். நம் பிள்ளை பத்திரமாக இருக்க அடுத்த வீட்டுப் பிள்ளை ஒதுங்க வேண்டுமென்றால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவது பொருந்துமா?

உலகமும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் பாரிசு நகர மக்கள் வாக்களித்து, வெளியூர்ப் பெருங்கார்களுக்கு நிறுத்துமிடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். வாக்களித்தவர் தொகை குறைவுதான். ஆனாலும் பொது இடம் பொதுவுக்கே என்னும் எண்ணம் அதில் தெரிந்தது. சிங்கப்பூரில் கார் வாங்குமுன், பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்த உரிமை ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. சிறிய தீவில் சாலை என்பது அளவோடு கிடைக்கும் பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அந்தமானும் தீவுதானே!

“பணம் என்னுடையது, நான் எதையும் வாங்குவேன், உனக்கென்ன?” என்று கேட்டால், கேட்பவருக்கு அந்த உரிமை உண்டு. உண்மையிலேயே கோடி ரூபாய் ஒரு மூலையில் சும்மா கிடந்து, கடன் இன்றி வாங்கி, ஏழு இருக்கையும் நிரம்பி, ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, பக்கத்திலேயே பணிமனையும் இருந்தால் வாங்கட்டும். நானும் ஒரு நாள் ஏறிப் பார்ப்பேன். ஆனால் மாமாவின் நிலை அதுவன்று. ஒப்பந்தக்காரருக்கு வேலை முடிந்தாலும் பில் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது; வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வரும். தீவில் வாழ்பவருக்கு இன்னொன்றும் தெரியும். பெரிய நோய் என்று வந்தால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ பறக்க வேண்டும். துணைக்கு ஒருவர், தங்க இடம், மருந்துச் செலவு. அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் கார் உதவாது. வங்கியில் இருக்கும் நாற்பது லட்சம்தான் உதவும். கடலுக்கு நடுவே வாழ்கிறவனுக்குக் கையிருப்பே படகு.

இவ்வளவையும் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “கணக்கு எல்லாம் சரி தம்பி. ஆனால் உன் மாமன் மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. ‘உங்கள் வீட்டில் என்ன வண்டி?’ என்று மட்டும் விசாரித்தார்கள்” என்றார்.

நண்பர்களே, இந்த ஒரு வரிதான் என் 128 லட்சக் கணக்கில் விட்டுப் போன கணக்கு. ஏழு இருக்கை, முழங்கால் வலி, மழை, மேடு எல்லாம் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருக்கும் காரணம், நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது. 1899-இல் வெப்லன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இதற்குப் ‘பகட்டு நுகர்வு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பயனுக்காக வாங்காமல், வாங்க முடிகிறது என்று காட்டுவதற்காக வாங்குவது. அங்கே விலை அதிகம் என்பதே பொருளின் பயனாகிவிடுகிறது. ஆனால் அவர் எழுதியது ஓய்வாக வாழ்ந்த செல்வர்களைப் பற்றி. நம் நாட்டிலோ உழைத்துக் களைத்த தகப்பன், மகளுக்காகக் கடன் வாங்கிப் பகட்டைச் சுமக்கிறான்!

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அறுபதாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தொகையைக் கேட்டால் குற்றம் என்று தெரிந்துகொண்டவர்கள் இன்று காரைப் பற்றி ‘விசாரிக்கிறார்கள்’. கொடுத்த கார் போதவில்லை, வேறு கார் வேண்டும் என்று தொடங்கிய கொடுமையில் பெண்கள் உயிர் துறந்த செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்ததை நாம் படிக்கவில்லையா? அந்த மணமகன்களில் படித்தவர்கள் இல்லையா? பட்டம் பெற்றவர்கள் இல்லையா? நம்மைப் போல ஒரு மாணவர் மன்றத்தில் உட்கார்ந்து சமத்துவம் பேசியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அதை எண்ணும்போதுதான் நெஞ்சு சுடுகிறது.

வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், படை வலியைப் பேசிய அதே இடத்தில் வரவும் செலவும் அறிந்து நடப்பதையும் சேர்த்து வைத்தார். தன் அளவை அறிவதும் ஒரு வலிமை என்பது அவர் கருத்து. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பாட்டிமார் சொல்வதும் அதுதான். அளந்து செலவிடுகிறவனைக் கஞ்சன் என்று ஊர் பேசலாம். பேசிய ஊர் தவணை கட்ட வருவதில்லை.

மாமாவுக்கு நான் சொன்ன முடிவு இது: சாதாரணமான, உறுதியான, ஏழு பேர் உட்காரும் வண்டியை ரொக்கத்துக்கு வாங்குங்கள். கையில் மீதம் இருப்பதை வங்கியில் வையுங்கள். வண்டியைப் பார்த்து வரும் மாப்பிள்ளை, வண்டி பழசானதும் என்ன செய்வான் என்று யோசியுங்கள். அவர் இன்னும் விடை சொல்லவில்லை. யோசிக்கிறார். அவர் முடிவு அவருடையது.

ஆனால் நம் முடிவு நம்முடையது. ஒரு கோடி ரூபாயை 6½ விழுக்காட்டுக்குப் போட்டால் ஆண்டுக்கு ஆறரை லட்சம் வட்டி. இருபத்தாறு மாணவர்களுக்கு ஆளுக்கு இருபத்தையாயிரம் கொடுக்கலாம். எல்லோரும் வள்ளலாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாங்கும் நாளில் மூன்று கேள்விகளையாவது கேட்டுக்கொள்வோம் என்கிறேன். கடன் இல்லாமல் வாங்க முடியுமா? பாதி விலையில் கிடைப்பது என் தேவைக்குப் போதாதா? யாரும் பார்க்காத இடத்தில் நான் தனியே வாழ்ந்தாலும் இதை வாங்குவேனா? மூன்றாவது கேள்விக்கு ‘மாட்டேன்’ என்பது விடையானால், நாம் வாங்கப் போவது கார் அன்று, பிறர் கண்.

மணமகனாகும் தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். பெண் வீட்டு வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது விசாரித்தால், அதே இடத்தில் எழுந்து நின்று “வேண்டாம்” என்று சொல்லுங்கள். மணமகளாகும் சகோதரிகளே, விசாரிக்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. மன்ற மேடையில் முழங்கும் நம் தமிழ் அந்த ஒரு சொல்லைச் சொல்லத் துணியட்டும். டெய்ரி ஃபார்மில் ஒரு தகப்பன் அன்றிரவு கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமல் நிம்மதியாகத் தூங்குவான்.